கழுவாத பிளேட்

ஜவாஹிறாவைத் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிற எல்லாரும் கடைசியில் அந்தக் கடைப் படத்துக்குத்தான் வந்து நிற்பார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் படத்தைக் கண்ணால் கண்டதில்லை. நான் கண்டவள். அதைக் கழுவியபோது பக்கத்து அறையில் தூரிகையும் கையுமாக இருந்தவளும் நான்தான். அதனால் மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பேச உரிமை இருக்கிறது.

1937இல் கொட்டாஞ்சேனையில் றேமண்ட் ஐயாவின் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். வெள்ளவத்தையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வர்ணம் பூசுவது என் வேலை. ஈர்க்கில் பஞ்சைச் சுற்றி, கன்னத்துக்கு ரோஸ், தோட்டுக்கு மஞ்சள், பின்னால் இருக்கிற அரண்மனைக்கு ஒரு நீலம். அந்த அரண்மனை ஒரு கன்வஸ் சீலையில் வரைந்தது. அதற்கு முன்னால் சாந்து பூசிய மரத்தூண் ஒன்று, காகிதப் பூ வைத்த பித்தளைச் சாடி ஒன்று. யார் வந்தாலும் றேமண்ட் ஐயா தூணில் ஒரு கையை வைக்கச் சொல்லி, முகத்துக்கு நேரே வெளிச்சத்தைக் கொட்டி எடுத்துவிடுவார். முகங்கள் எல்லாம் மாப் பூசியது போல வரும். ஊருக்கு அது பிடித்திருந்தது; நான் ஏன் குறை சொல்லவேண்டும்?

வியாழக்கிழமைகளில் மட்டும் றேமண்ட் ஐயா ஸ்டூடியோவில் இருக்கமாட்டார். ஹெந்தளையில் இருந்த தமக்கை வீட்டுக்குப் போய்விடுவார். சாவி ஜவாஹிறாவின் கைக்கு வரும். அன்றைக்குப் படியில் ஒரு ஆணும் ஏறக்கூடாது. அந்நிய ஆணின் முன்னால் நின்று படம் எடுக்க விரும்பாத முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள், திரை போட்ட ரிக்‌ஷாக்களில் மருதானையிலிருந்தும் புறக்கோட்டையிலிருந்தும் வந்து இறங்குவார்கள். கமராவுக்குப் பின்னால் நிற்பது ஜவாஹிறா.

அவளுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. புருஷன் ஹுசைன் அதே ஸ்டூடியோவில் கமராக்காரன். நெஞ்சு பலவீனமானவன் என்பதால் இருட்டறை வேலையில் பாதியை அவள்தான் வீட்டில் செய்து கொடுத்திருக்கிறாள். அவன் காய்ச்சலில் மௌத்தான பிறகு ஸ்டூடியோ இருட்டறையில் அதே வேலைதான் அவளுக்குச் சோறு போட்டது. பிள்ளை இல்லை. மருதானையில் ஒரு அறை. வெளியே போய் வேலை செய்கிற பெண் என்று ஹுசைனின் சகோதரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சொந்தக்காரர்களின் கல்யாணத்துக்குக்கூட அவளுக்கு அழைப்பு வராது. ஸ்டூடியோவில் எந்த மணப்பெண்ணை எடுத்தாளோ, அந்தப் பெண்ணின் கல்யாணச் சோறு அவளுக்குக் கிடையாது. இதைச் சொல்லும்போது அவள் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

வியாழக்கிழமைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. படம் எடுத்து, ஒரே ஒரு பிரதி அச்சிட்டுக் கொடுத்ததும், அந்தக் குடும்பத்து மூத்த பெண் முன்னாலேயே, படம் பதிந்த பிளேட்டைக் கழுவிவிடவேண்டும். கண்ணாடிப் பிளேட்டைத் தட்டில் வைத்துச் சோடாத் தூள் கலந்த கொதிநீரை ஊற்றினால், படம் பாலாடை போலச் சுருண்டு கழன்று வந்துவிடும். மிஞ்சுகிற வெறும் கண்ணாடியைத் துடைத்து அந்தப் படத்துக்கே சட்டம் போட எடுத்துக்கொண்டு போவார்கள். இனி எவனும் இன்னொரு பிரதி எடுக்கமுடியாது. அந்த நம்பிக்கையில்தான் வியாழக்கிழமையே நடந்தது. ஐந்து வருடத்தில் அவள் எடுத்த அத்தனை படங்களும் யாரோ ஒருவருடைய அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. அவளுடைய கையில் ஒன்றுகூட இல்லை.

இத்தனைக்கும் றேமண்ட் ஐயாவின் தூணையும் அரண்மனையையும் அவள் தொடவே மாட்டாள். "எல்லாரும் ஒரே அரமனைலயா குடியிருக்கிற, தங்கச்சி?" என்று என்னைக் கேட்பாள். ஆட்கள் வராத வியாழன்களில் அவளுக்கு வெளிச்சத்தோடுதான் சண்டை. மருதானையில் ஒரு தையல்காரனிடம் தலையும் கையும் இல்லாத மரப்பொம்மை ஒன்றை வாங்கி வந்திருந்தாள். அதற்குத் துண்டுச் சேலைகளைச் சுற்றுவாள். தேயிலைப் பெட்டியின் உள்ளே ஒட்டியிருக்கிற ஈயத்தாளை உரித்துப் பலகையில் ஒட்டி, மேல் சாளர வெளிச்சத்தை அதில் பட்டுத் திரும்பவிடுவாள். நுளம்பு வலையை மடித்து விளக்குக்கு முன்னால் கட்டுவாள். ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு, நாலு மடிப்பு. என்னுடைய பிரம்புக் கதிரையைப் பிடுங்கிக்கொண்டு போய், அதன் முதுகுப் பின்னலை விளக்குக்கு எதிரே பிடிப்பாள். பின்னல் நிழல் பொம்மையின் தோளில் விழும். "பாருங்கொ, பாருங்கொ" என்பாள். நான் நின்றுகொண்டே வர்ணம் பூசவேண்டியிருந்த எரிச்சலில், "வடிவாத்தான் இருக்கு, கதிரையைத் தாங்கோ" என்பேன்.

அந்தக் காலத்துப் பிளேட்டுகளுக்குச் சிவப்புத் தெரியாது. எவ்வளவு சிவந்த சேலையும் கறுப்பாகத்தான் விழும். மணப்பெண் கறுப்புச் சேலையில் நிற்பதைப் பார்த்துத் தாய்மார் கண்ணீர் விடுவார்கள். பிறகு நான்தான் மேலே சிவப்பைப் பூசிச் சமாளிக்கவேண்டும். ஜவாஹிறா அந்தக் குறையையே பிடித்துக்கொண்டாள். சேலை கறுப்பாகட்டும், ஓரத்துச் சரிகை மட்டும் வெளிச்சத்தைப் பிடிக்கட்டும் என்று விளக்கை முன்னாலிருந்து பக்கத்துக்கும், பக்கத்திலிருந்து பின்னுக்கும் தள்ளிக்கொண்டே போனாள். மரப்பொம்மையில் அது சரிவரவில்லை. பொம்மை மூச்சு விடாதே.

அடுத்த வருடம் மாசி மாதத்தில் மருதானையிலிருந்து பலீலா மாமி தன் புது மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மருமகளின் பெயர் ஷபீகா. பத்தொன்பது வயது, கல்யாணம் முடிந்து ஆறு நாள். சிவப்புப் பனாரஸ் சேலை, அதன் ஓரத்தில் மாங்காய்க்கும் மாங்காய்க்கும் நடுவே ஒரு சின்ன மீன். நான் அந்த மாதிரி ஓரத்தை முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. முகம் தெரிகிற படம் ஒன்றை ஜவாஹிறா எடுத்தாள். மாமி பக்கத்தில் நின்று எண்ணினாள்: ஒன்று. பிறகு அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. என் அறையில் மேசையை ஒதுக்கிப் பாய் விரித்துக் கொடுத்தேன். மாமி தொழ நின்றாள்.

அந்த நேரத்தில் நடந்ததை ஜவாஹிறா பிறகு எனக்குச் சொன்னாள். ஷபீகா களைத்துப்போய், கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாளாம். தலைச்சேலை நழுவித் தோளில் கிடந்தது. ஒரு கையால் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தாள். மேல் சாளர வெளிச்சம் ஈயத்தாளில் பட்டுப் பின்கழுத்திலிருந்து ஓரம் வழியாகத் தரைவரைக்கும் ஒரு கோடாக இறங்கியது. மரப்பொம்மையோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டியும் வராதது தானாக வந்து நின்றது. "மகள், அப்பிடியே கொஞ்சம் நில்லுங்கொ, வெளிச்சம் பாக்கிறன்" என்றாள். வெளிச்சம் பார்ப்பதாகத்தான் சொன்னாள். பிளேட்டைப் போட்டு எடுத்துவிட்டாள். பெண்ணுக்குத் தெரியாது.

அடுத்த வியாழன் மாமி வந்து ஒரு பிரதியை வாங்கி, ஒரு பிளேட்டைக் கழுவக் கண்டு, கண்ணாடியோடு போனாள். மற்றப் பிளேட் இருட்டறையில், பழைய தாள் பெட்டியின் அடியில் இருந்தது. எனக்குத் தெரியும். நான் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ராத்தா, இது பிழை" என்றேன். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் தமக்கையைக் கூப்பிடுகிற மாதிரியே நானும் அவளை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

"மொகம் இல்லயே தங்கச்சி. இது ஆரெண்டு ஆருக்குத் தெரியும்?"

"கழுவுங்கோ."

"கழுவுறன். நாளக்கிக் கழுவுறன்."

அந்த நாளை வரவில்லை. சித்திரையில் கண்ணப்பன் வந்தார். புறக்கோட்டையில் சேலைக் கடை வைத்திருந்தவர், வெள்ளவத்தையில் காலி வீதியில் புதுக் கிளை திறக்கப்போகிறார். கண்ணாடி ஜன்னலில் தொங்கவிட ஒரு பெரிய படம் வேண்டும். மானமுள்ள வீட்டுப் பெண்கள் யாரும் கடைக்காக நிற்கமாட்டார்கள். மரப்பொம்மைப் படங்களைக் காட்டினோம். "என்னம்மா இது, பொணத்துக்குச் சீலை கட்டி விட்டாப்புல இருக்கு?" என்றார். "மொகமே வேணாம்மா. மொகம் தெரிஞ்சா சீலையை எவன் பாக்கப்போறான்?"

முகம் வேண்டாம் என்று அந்த மனிதர் சொன்னதும் ஜவாஹிறா இருட்டறைக்குள் போய்விட்டாள். திரும்பி வந்தபோது கையில் பிரிண்ட் இருந்தது. றேமண்ட் ஐயா அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தன்னுடைய தூணைப் பார்த்தார். யாரை எடுத்தது என்று கேட்கவே இல்லை. கேட்காமல் இருப்பது அவருக்கு வசதி.

பணத்துக்காக அவள் கொடுக்கவில்லை என்று நான் சத்தியம் செய்வேன். தான் எடுத்த ஒன்றை யாராவது பார்க்கவேண்டும் என்ற ஒரே ஆசைதான். ஆள் உயரத்துக்கு அச்சிட்ட அந்தப் படம் கடை ஜன்னலில் ஏறியதும், வேலை முடிந்து நான் வெள்ளவத்தைக்கு பஸ் ஏறும்போது அவளும் என்னோடு ஏறத் தொடங்கினாள். தலையை இறுக்க மூடிக்கொண்டு கடைக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிற்கிற இடத்தில் நிற்பாள். கந்தோர் வேலை முடிந்து வருகிறவர்கள், கோவிலுக்குப் போகிற பெண்கள், சைக்கிளில் வருகிற பொடியன்கள் எல்லாரும் ஜன்னலுக்கு முன்னால் ஒரு கணம் நிற்பார்கள். ஒரு பறங்கிப் பெண்மணி தன் புருஷனை இழுத்து வந்து காட்டினாள். ஜவாஹிறா அதையெல்லாம் எண்ணிக்கொண்டு நிற்பாள். அரை மணித்தியாலம் நின்றுவிட்டுத் தனியாக மருதானைக்குத் திரும்பிப் போவாள். என் வீட்டுக்கு வந்து ஒரு கோப்பை தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். ஒரு நாளும் வரவில்லை. நானும் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம்.

மூன்று கிழமை அப்படிப் போனது. அவளுக்குத் தெரியாத ஒன்று மருதானைப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுச் சேலையைத் தாலத் தட்டில் வைத்துப் பெண் வீட்டுக்கு அனுப்புவார்கள். சொந்தத்திலும் அயலிலும் இருக்கிற பெண்கள் எல்லாரும் வந்து, அதை விரித்து, ஓரத்தைத் தடவி, சரிகையைத் தேய்த்துப் பார்த்துத்தான் போவார்கள். அந்தப் பனாரஸ் சேலையை ஐம்பது அறுபது பெண்கள் கையால் தொட்டிருந்தார்கள். மீன் போட்ட ஓரம் என்று இரண்டு மாதம் அதே பேச்சு. அவர்களில் ஒருத்தி காலி வீதியில் போகும்போது ஜன்னலைக் கண்டால் போதும்; ஷபீகாவை அடையாளம் காண முகம் எதற்கு? கல்யாண வீட்டுக்குள் கால் வைக்க விட்டிருந்தால் ஜவாஹிறாவுக்கும் இது தெரிந்திருக்கும். முகத்தை மறைத்தால் ஆளை மறைத்ததாயிற்று என்று நினைக்க, ஊர்ப் பெண்களோடு புழங்காத ஒருத்தியால்தான் முடியும்.

வைகாசியில் ஒரு வியாழன் யாரும் வரவில்லை. அடுத்த வியாழனும் இல்லை. மூன்றாவது வியாழனும் போன பிறகு றேமண்ட் ஐயா அவளைக் கூப்பிட்டார்.

"ஜவாஹிறா, நான் உம்மை ஏசேல்ல. ஆனா ஆக்கள் வராம ஒரு நாளைப் பூட்டி வச்சிருக்க எனக்குக் கட்டாது. இன்னும் ரெண்டு கிழமை பாப்பம்."

வியாழக்கிழமைக்காகத்தான் றேமண்ட் ஐயா அவளை மற்ற நாட்களிலும் வைத்திருந்தார்; அது போனால் அவளுக்கு வேலை போகிறது. வேலை போனால் அந்தக் கமரா, அந்த விளக்கு, அந்த ஈயத்தாள், எல்லாம் போகிறது. மருதானை அறையின் நாலு சுவர்தான் மிஞ்சும். மீன் போட்ட ஓரத்தைப் பற்றிய பேச்சு அதற்குள் எங்கள் காதுக்கும் எட்டியிருந்தது; அவள் அன்றைக்கே பலீலா மாமிக்குச் சொல்லியனுப்பினாள்.

மாமி வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை. கதிரையில் உட்கார்ந்து, "புளேட்டக் கொண்டாங்கொ" என்றாள். கடையிலிருந்து கழற்றி வாங்கிய பெரிய படத்தை ஜவாஹிறா அவள் காலடியில் வைத்தாள். மாமி அதை ஒரு தரம் விரித்துப் பார்த்துவிட்டு நாலாகக் கிழித்தாள். பிறகு பிளேட் வந்தது. நான் கொதிநீர்க் கேத்தலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் அறைக்குப் போய்விட்டேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அவள் எடுத்ததிலேயே சிறந்த படம் தட்டில் சுருண்டு கிடந்ததை நான் பார்க்கவில்லை, பார்க்க மனம் வரவில்லை.

மாமி எழும்பும்போது சொன்னாள்: "ஒங்கள மட்டும் சொல்லி என்ன? எங்கட வீட்டுப் புள்ள கேக்காம நீங்க எடுத்தீப்பீங்களா? இந்தக் காலத்துப் பொம்புளப் புள்ளகளுக்குக் கடைல தொங்குறதுக்கு ஆச. போகட்டும். சுத்தமாக் கழுவிட்டீங்க. நான் நாலு பேருக்குச் சொல்றன், வருவாங்க."

ஜவாஹிறா வாய் திறக்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நானும் திறக்கவில்லை. மாமி படியிறங்கிப் போன பிறகு, "ராத்தா, அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் தெரியாதெண்டு நீங்கள் ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன். அவள் வெறும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கேட்டுவிட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மாமி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அடுத்த வியாழன் மூன்று குடும்பம் வந்தது. அதற்கடுத்த வியாழன் ஐந்து. றேமண்ட் ஐயா ஹெந்தளையிலிருந்து மாம்பழம் கொண்டுவந்து எங்களுக்குக் கொடுத்தார். ஜவாஹிறா மறுபடி விளக்குகளை நகர்த்தத் தொடங்கினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

ஆனியில் ஒரு வியாழன் பகல், ஷபீகா தனியாகப் படியேறி வந்தாள். தையல்காரி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ரிக்‌ஷா கீழே நின்றது. சாதாரண வொயில் சேலை. கல்யாணம் முடித்த பெண்ணின் முகமாக அது இல்லை.

"ராத்தா, அந்தப் படத்த நான் பாக்கோணும்."

"கழுவியாச்சு மகள். ஒங்கட மாமிட கண்ணுக்கு முன்னுக்கு."

"ஒரு சின்னதுகூட இல்லயா? வெள்ளவத்தைல போற வார எல்லாரும் பாத்தீக்கிறாங்க. நான் மட்டும்தான் பாக்கல்ல." பிறகு, "படம் எப்பிடி ஈந்திச்சி?" என்று கேட்டாள்.

ஜவாஹிறா அவளை அந்த ஜன்னல் பக்கமாகத் திருப்பி நிறுத்தினாள். தலைச்சேலையைத் தோளில் இறக்கிவிட்டாள். விரலைப் பின்கழுத்தில் வைத்து, "வெளிச்சம் இங்க தொடங்கிச்சி" என்றாள். தோள்வழியாக, முதுகுவழியாக, இடுப்பு மடிப்புவழியாக ஓரத்தைத் தொட்டுக்கொண்டே குனிந்து தரைவரை வந்தாள். "இங்க முடிஞ்சிச்சி. மத்ததெல்லாம் இருட்டு." எத்தனை வருடத்துக்குப் பிறகு அவள் ஒரு மனுஷியை இப்படித் தொட்டாளோ, எனக்குத் தெரியாது.

ஷபீகா திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்: "இதுக்கா ராத்தா, மாமி ரெண்டு மாசமா என்னோட ஒரு வார்த்த பேசாம ஈக்கிறா? நான்தான் கேட்டு எடுத்த எண்டு சொல்றா. அவரும் அத நம்புறார். சாப்பாட்டக் கொண்டு வச்சிட்டுப் போறாங்க. வீட்டுல ஒம்பது பேர். ஒருத்தரும் கதைக்கிறல்ல."

தரையில் குனிந்திருந்த ஜவாஹிறா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் வந்து சொல்றன்" என்றாள்.

"சொன்னா இங்க ஒருத்தரும் வரமாட்டாங்க, ராத்தா. புள்ளக்கித் தெரியாம எடுக்கிற எடமெண்டு சொல்லுவாங்க." அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். தலையை மூடிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்றைக்கு மிச்சப் பகல் முழுக்க ஜவாஹிறா எதையும் நகர்த்தவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் எல்லாரும் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்து, பலீலா மாமியின் வீட்டுக்குப் போனாள். நான் கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்துத்தான் கேட்டார்களாம். பிள்ளைக்குத் தெரியாது, வெளிச்சம் பார்ப்பதாகப் பொய் சொல்லி நான்தான் எடுத்தேன், மாமி தொழுதுகொண்டிருந்தா என்று சொன்னாளாம். ஷபீகாவின் புருஷன் பௌஸி வந்து கதவைச் சாத்தினானாம். உள்ளே யாரும் பேசுகிற சத்தம் கேட்கவில்லை என்றாள்.

அடுத்த வியாழன் யாரும் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. ஆவணி முதலாம் திகதி ஜவாஹிறா சாவியை றேமண்ட் ஐயாவின் மேசையில் வைத்தாள். மரப்பொம்மையை எனக்குத் தந்துவிட்டு, ஈயத்தாள் பலகையைப் பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். மருதானையில் அந்த அறையிலேயே தைக்கிற வேலை செய்து பதின்மூன்று வருடம் இருந்தாள். நான் மாதம் ஒரு தரம் போவேன். ஒவ்வொரு முறையும் அவள் கேட்பது ஒன்றுதான்: "தங்கச்சி, மாமி அந்தப் புள்ளயோட கதைக்கிறாவாமா?"

எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்ல அந்தத் தெருவில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒருவரும் இருக்கவில்லை.